பதிலுக்குக் காத்திருக்கும் மூளை

புக்கரெஸ்ட் நகரத்து அரசுக் காப்பகங்களுக்குள் போன ஆய்வாளர்களை முதலில் உலுக்கியது அங்கிருந்த அமைதி. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. வரிசை வரிசையாகக் கம்பித் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. சில குழந்தைகள் தம்மைத் தாமே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தன. சில கூரையை வெறித்தபடி கிடந்தன. அத்தனை கைக்குழந்தைகள் இருந்த அறையில் அழுகுரல் இல்லை. அழுதால் யாரும் வரப்போவதில்லை என்பதைப் பிறந்த சில மாதங்களிலேயே அவை தெரிந்துகொண்டுவிட்டன.

அந்தக் காப்பகங்கள் நிரம்பியதற்குப் பின்னால் ஓர் அரசாணை இருக்கிறது. மக்கள்தொகை பெருகினால் நாடு வலுப்பெறும் என்று நம்பிய ருமேனிய ஆட்சியாளர் நிக்கோலே சௌஷெஸ்கு, 1966-இல் 770-ஆம் எண் ஆணையின் மூலம் கருக்கலைப்பைத் தடைசெய்தார். கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசின் பொறுப்பில் விட்டன. 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காப்பகங்களில் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் குளிரும் பட்டினியும் பெரிதும் குறைந்தன. பால் கிடைத்தது, துணி கிடைத்தது. ஆனால் ஷிஃப்ட் முறையில் மாறி மாறி வந்த பணியாளர்களில் ஒருவருக்குப் பன்னிரண்டு, பதினைந்து குழந்தைகள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புட்டிப்பால், ஒரே நேரத்தில் குளியல், ஒரே நேரத்தில் உறக்கம். ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து, அது என்ன கேட்கிறது என்று நின்று கவனிக்க யாருக்கும் நேரம் இல்லை.

சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் இங்கிருந்த ஆறு காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தங்கள் ஆய்வில் சேர்த்தார்கள். குழந்தைகளின் வயது ஆறு மாதத்திலிருந்து 31 மாதம் வரை. குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மீதி 68 பேர் காப்பகத்தில் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே நகரத்தில் பெற்றோரோடு வளர்ந்த 72 குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆய்வுகளில் ஒரு சந்தேகம் தீராமலே இருந்தது: துருதுருவென்று ஆரோக்கியமாக இருக்கும் குழந்தையைத்தானே தத்தெடுக்க வருபவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்? அப்படியானால் வீடு கிடைத்ததால் குழந்தை நன்றாக இருக்கிறதா, நன்றாக இருந்ததால் வீடு கிடைத்ததா? சீட்டுக் குலுக்கியதும் அந்தச் சந்தேகம் விலகியது.

மூன்றரை வயதில் அறிவு வளர்ச்சியை அளந்து பார்த்தார்கள். நூறு என்பது சராசரி என்று வைத்த அளவு அது. காப்பகக் குழந்தைகள் 77, வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் 86, பெற்றோரோடு வளர்ந்தவர்கள் 103. அறிவு மட்டும் கூடவில்லை. வளர்ப்பு வீடுகளுக்குப் போனவர்களின் உயரமும் எடையும் முதல் ஆண்டுக்குள்ளேயே வேகமாகக் கூடின. தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லாத குழந்தைக்கு எலும்புகூடச் சரியாக வளர்வதில்லை.

எட்டு வயதில் மூளையின் மின் அலைகளை ஈ.ஈ.ஜி. கருவியால் பதிவு செய்தபோது இன்னொன்று தெரிந்தது. இரண்டு வயதுக்கு முன்பே வீடு கிடைத்தவர்களின் அலைகள், பெற்றோரோடு வளர்ந்தவர்களின் அலைகளைப் போலவே இருந்தன. இரண்டு வயதைத் தாண்டிப் போனவர்களுடையவை காப்பகப் பிள்ளைகளுடையதைப் போல இருந்தன. எம்.ஆர்.ஐ. படங்களில் வெள்ளைப் பகுதி, அதாவது மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் நரம்பிழைகள், வளர்ப்புக் குடும்பத்தினரிடம் போனவர்களுக்கு ஓரளவு மீண்டிருந்தன. நரம்புச் செல்கள் அடர்ந்திருக்கும் சாம்பல் பகுதி மீளவில்லை.

இதே நாட்டிலிருந்து, பெரும்பாலும் காப்பகங்களிலிருந்து, இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டரும் அவர் குழுவினரும் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்துக்குள் மீட்கப்பட்டவர்கள் மற்ற ஆங்கிலேயப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கும் மேல் காப்பகத்தில் கிடந்தவர்களில் பலருக்குக் கவனச் சிதறலும் உறவுகளில் தடுமாற்றமும் இளமைப் பருவம்வரை நீடித்தன. 2020-இல் வெளியான ஆய்வு இந்தத் தத்துப் பிள்ளைகளில் 67 பேரின் மூளையை இருபதுகளின் நடுவில் படமெடுத்துப் பார்த்தது. காப்பகத்தில் இராதவர்களோடு ஒப்பிட்டால் சராசரியாக 8.6 சதவீதம் சிறிய மூளை. காப்பகத்தில் கழிந்த ஒவ்வொரு கூடுதல் மாதத்துக்கும் ஏறத்தாழ மூன்று கன சென்டிமீட்டர் குறைவு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அன்பான வீடுகளில் வாழ்ந்த பிறகு எடுத்த அளவு இது. அதேசமயம், நீண்ட காலம் காப்பகத்தில் இருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்தப் பிரச்சினையும் தலைகாட்டவில்லை. அவர்களைக் காத்தது எது என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. அந்த ஐந்தில் ஒருவரையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பயமுறுத்தலாகிவிடும்.

புக்கரெஸ்ட் ஆய்வைப் படிக்கும்போதெல்லாம், குலுக்கலில் பெயர் வராத 68 பேரை நினைத்து மனம் கனக்கிறது. அப்போது அந்த நகரத்தில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு அநேகமாக இல்லை என்பதும், அந்தக் குடும்பங்களை ஆய்வுக் குழுவே தேடிப் பிடித்து, பயிற்சியும் சம்பளமும் கொடுத்தது என்பதும், ஆய்வின் பெயரால் எந்தக் குழந்தையும் காப்பகத்தில் பிடித்து வைக்கப்படக் கூடாது என்று விதி இருந்தது என்பதும் உண்மை. ஆய்வின் முதல் முடிவுகள் வந்த பிறகு, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் காப்பகங்களில் சேர்ப்பதற்கு ருமேனியா சட்டப்படி தடை விதித்தது. கடும் ஊனமுற்ற குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. அறிவியல் ரீதியாகவும் சட்ட ரீதியாகவும் அந்த ஆய்வு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இருந்தும் கனம் குறைவதில்லை.

பாலும் துணியும் கூரையும் இருந்தும் மூளை ஏன் வளரவில்லை? பிறக்கும்போது குழந்தையின் மூளை, பெரியவர் மூளையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு. ஐந்தாறு வயதுக்குள் அது 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. நரம்புச் செல்களில் பெரும்பாலானவை கருவிலேயே உருவாகிவிட்டவை. பிறந்த பின் பெருகுவது அவற்றுக்கிடையிலான இணைப்புகள். சிகாகோவைச் சேர்ந்த குழந்தை நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர், 1970-களில் தொடங்கி, இறந்தவர்களின் மூளைத் திசுக்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து இந்த இணைப்புகளை எண்ணினார். பார்வைக்கான பகுதியில் முதல் வயது முடிவதற்குள் இணைப்புகள் உச்சத்தைத் தொட்டுவிட்டன. திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் முன்மூளையில் அந்த உச்சம் சில ஆண்டுகள் தள்ளியே வந்தது. உச்சத்தில் இருந்த எண்ணிக்கை பெரியவர்களின் மூளையில் உள்ளதைவிடக் கணிசமாக அதிகம். அதன் பிறகு குறையத் தொடங்குகிறது. நெருக்கமாக முளைத்த கீரைப் பாத்தியில் பயிர் கலைப்பதுபோல, அடிக்கடி பயன்படும் இணைப்பைத் தக்கவைத்து, பயன்படாததை மூளை நீக்கிவிடுகிறது. முன்மூளையில் இந்த வேலை பதின்ம வயதைத் தாண்டியும் நடக்கிறது.

இதற்காக உடல் கொடுக்கும் விலை அதிகம். பெரியவரின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் மூளையின் பங்கு சுமார் 20 சதவீதம். ஐந்து வயதை ஒட்டி அது 66 சதவீதம்வரை போகிறது என்று 2014-இல் கிறிஸ்டோபர் குஸாவாவின் குழு கணக்கிட்டது. அந்த வயதில்தான் உடல் வளர்ச்சி மிகவும் மந்தமாக இருக்கிறது. நெடுநெடுவென்று வளர்வதைத் தள்ளிப்போட்டு, மூளைக்குச் சோறு போடும் பருவம் அது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க மூளைக்கு வெளியிலிருந்து தகவல் வேண்டும். டேவிட் ஹ்யூபெலும் டார்ஸ்டென் வீஸலும் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடி வைத்து இதைக் காட்டினார்கள். மூடிய கண்ணுக்கு ஒதுக்கியிருந்த மூளைப் பரப்பை மற்றக் கண் எடுத்துக்கொண்டது. பிறகு கண்ணைத் திறந்துவிட்டும் அதில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. 1981-இல் இதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்தக் கதவு பட்டென்று அடைபடுவதில்லை. பிறவிக் கண்புரையோடு பல ஆண்டுகள் பார்வையின்றி வளர்ந்த வட இந்தியக் குழந்தைகளுக்கு, பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தில் எட்டு வயதுக்குப் பிறகும் அறுவை செய்தபோது, முழுமையாக இல்லாவிட்டாலும் பயனுள்ள பார்வையை மூளை கற்றுக்கொண்டது.

கண்ணுக்கு ஒளி தேவைப்படுவதுபோல, உறவுக்காகவும் மொழிக்காகவும் உருவான மூளைப் பகுதிகளுக்கு ஒருவருடைய பதில் தேவைப்படுகிறது. இதை மிக அருகில் காட்டியவர் எட்வர்ட் ட்ரோனிக். 1970-களில் அவர் வடிவமைத்த சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். குழந்தையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் அம்மா. முதல் இரண்டு நிமிடம் வழக்கமான கொஞ்சல். குழந்தை எதையோ விரல் நீட்டிக் காட்டுகிறது, அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து வியக்கிறார். குழந்தை சிரிக்கிறது, அம்மாவும் சிரிக்கிறார். பிறகு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, மீண்டும் குழந்தையைப் பார்க்கும்போது முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

சில விநாடிகளில் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. முதலில் அது சிரித்துப் பார்க்கிறது, சற்று முன் பலித்த சிரிப்பு. பதில் இல்லை. மறுபடி விரல் நீட்டுகிறது. இரண்டு கைகளையும் அம்மாவை நோக்கி நீட்டுகிறது. கீச்சென்று கத்திப் பார்க்கிறது. ஒன்றும் நடக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, விரலைச் சூப்புகிறது, முதுகு தளர்ந்து நாற்காலியில் சரிகிறது, அழத் தொடங்குகிறது. இரண்டு நிமிடத்தில் அம்மா பழையபடி ஆகிவிடுகிறார். குழந்தை கொஞ்சம் பிணங்கிவிட்டுத் திரும்பவும் சேர்ந்துகொள்கிறது. அப்பாக்களோடு செய்த சோதனைகளிலும் குழந்தைகள் இதையே செய்தன. தாயின் கையில் பால் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. தான் ஒன்று செய்தால் எதிரில் ஒன்று நடக்கும் என்பதைத்தான் அந்தக் குழந்தை மீண்டும் மீண்டும் சரிபார்க்கிறது. புக்கரெஸ்ட் தொட்டில்களில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் இரண்டு ஆண்டுகளாக நீண்டது.

ட்ரோனிக்கின் இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது, எனக்கு அது இன்னும் முக்கியமாகப் படுகிறது. நன்றாக ஒத்துப்போகும் தாயையும் சேயையும் விநாடி விநாடியாகப் படமெடுத்து அலசியபோது, இருவரும் ஒரே மனநிலையில் பொருந்தியிருந்தது மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான். மீதி நேரம் குழந்தை ஒன்றைக் கேட்க, அம்மா வேறொன்றைப் புரிந்துகொள்கிறார். தூக்கம் வந்து சிணுங்கினால் பசி என்று நினைத்துப் பால் கொடுக்கிறார். பிறகு தவறு தெரிந்து தோளில் போட்டுத் தட்டுகிறார். இப்படித் தவறுவதும் சரிசெய்வதும் மாறி மாறி நடப்பதுதான் இயல்பான உறவு. சரிசெய்ய முடியும் என்ற அனுபவமே குழந்தைக்குத் தெம்பு தருகிறது என்பது ட்ரோனிக்கின் முடிவு. ஒரு கணம் தவறினாலும் குழந்தையின் மூளை பாழாகிவிடும் என்று இளம் பெற்றோரைக் கலங்கடிக்கும் விளம்பரங்கள் இன்று நிறைய. அந்த 30 சதவீதக் கணக்கை ஒவ்வொரு பிரசவ வார்டிலும் சொல்லியனுப்ப வேண்டும்.

இந்தத் தெம்பு ரத்தத்திலும் உமிழ்நீரிலும் அளக்கக்கூடியது. மெகன் குன்னர், ஒன்றேகால் வயதுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நேரத்தில் கார்டிசால் என்ற அழுத்தச் சுரப்பை அளந்தார். பயந்த சுபாவமுள்ள குழந்தைகளில், கூட இருப்பவரிடம் நம்பிக்கையான பிணைப்பு இல்லாதவர்களுக்குச் சுரப்பு எகிறியது. பிணைப்பு உள்ளவர்களுக்கு எகிறவில்லை. ஊசி குத்தும்போது அவர்களும் அழத்தான் செய்தார்கள். ஆனால் உடலுக்குள் அபாய மணி அடிக்கவில்லை.

உறவு முக்கியம் என்ற உண்மை, பெண்கள் மேல் பழி போடும் கருவியாகவும் ஆகியிருக்கிறது. தாயின் பாசமின்மையால்தான் ஆட்டிசம் வருகிறது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல், ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அது முழுக்கத் தவறு. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரியது, தாயின் குணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, நீ வேலைக்குப் போனதால்தான் இப்படி என்று சொல்கிறவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு அறிவியலில் ஆதாரம் கிடையாது.

பதில் வேண்டும் என்பது உலகப் பொது. அது எப்படி வர வேண்டும் என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் வழியில் முடிவு செய்கிறது. தாய்-சேய் பிணைப்பு பற்றிய ஆராய்ச்சி அமெரிக்க ஆய்வகங்களில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மேரி எய்ன்ஸ்வொர்த் 1954, 55-ஆம் ஆண்டுகளில் உகாண்டாவின் கம்பாலாவை அடுத்த கிராமங்களில், 26 குடும்பங்களின் வீட்டு முற்றங்களில் உட்கார்ந்துதான் அதைத் தொடங்கினார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் ஒரு சோதனையை அமைத்தார். ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையில் சில நிமிடம் விட்டுவிட்டுத் தாய் வெளியே போய்த் திரும்பும்போது, குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது அது. ஜப்பானின் சப்போரோவில் அதைச் செய்தபோது, தாய் திரும்பிய பிறகும் சமாதானம் ஆகாமல் அழுத குழந்தைகள் நிறைய. பிணைப்பில் கோளாறு என்று அதைப் படிக்கலாம். ஆனால் அந்தக் குழந்தைகள் அம்மாவோடு உறங்கி, அம்மாவோடு குளித்து, முதுகில் தொங்கியே வளர்ந்தவர்கள். அறையில் தனியாக விடப்பட்டதே அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. ஒருவர் ஊரில் செய்த அளவுகோல் இன்னொருவர் வீட்டில் வேறொன்றை அளந்துவிட்டது.

கென்யாவின் குஸீ மக்களிடையே 1970-களில் பணியாற்றிய ராபர்ட் லெவைன், அமெரிக்கத் தாய்மார்களோடு அவர்களை ஒப்பிட்டார். பாஸ்டன் அம்மா குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். குஸீ அம்மா குழந்தையை உடம்போடு வைத்திருப்பார், ஆனால் கண்ணோடு கண் பார்த்து உற்சாகப்படுத்துவது அங்கே வழக்கமில்லை. குழந்தை அசைந்தாலே பால் கொடுப்பார், குலுக்கி அமைதிப்படுத்துவார். பேச்சு வராத பிள்ளையிடம் பேசுவானேன் என்பது அவர்கள் நினைப்பு. குஸீ குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிடக் குறைவாகவே அழுதன. அங்கே பதில் முகத்தில் வரவில்லை, கையிலும் மார்பிலும் வந்தது. பப்புவா நியூ கினியின் கலுலி மக்களும் கைக்குழந்தையோடு உரையாடுவதில்லை. குழந்தையை ஊரைப் பார்த்தபடி திருப்பிப் பிடித்து, அதற்காகத் தாங்களே அடுத்தவரிடம் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைகளும் உரிய வயதில் சரளமாகப் பேசிவிடுகிறார்கள். காங்கோவின் இடூரி காட்டில் வாழும் எஃபே மக்களிடம் நான்கு மாதக் குழந்தை பகலில் பாதி நேரத்துக்கும் மேல் அம்மா அல்லாத பிறர் மடியில் இருக்கிறது. அத்தை, பாட்டி, அக்கா என்று கை மாறிக்கொண்டே இருக்கும். மனிதக் குழந்தையே பலர் சேர்ந்து வளர்ப்பதற்காகப் பரிணமித்தது என்று சாரா ஹெர்டி வாதிடுகிறார். பாட்டியும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் தூக்கி வளர்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த வாதம் புதிதாகப் படாது.

வளர்ப்பு முறை மாறினால் எந்தத் திறன் முதலில் முளைக்கும் என்பதும் மாறுகிறது. கென்யாவின் கிப்சிகிஸ் தாய்மார்கள் பிள்ளைக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்குகிறார்கள். சார்ல்ஸ் சூப்பர் அளந்தபோது அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முந்தியே உட்கார்ந்தன, நடந்தன. யாரும் பழக்காத தவழ்தலில் அப்படி முந்தவில்லை. கேமரூனின் என்ஸோ விவசாயக் குடும்பங்களின் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் ஜெர்மன் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே சோதனை வைத்தார்கள்: முன்னால் ஓர் இனிப்பு இருக்கும், தொடாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், காத்திருந்த என்ஸோ பிள்ளைகள் ஏறத்தாழ 70 சதவீதம், ஜெர்மன் பிள்ளைகள் 30 சதவீதம் அளவில். சிறு வயதிலேயே தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பெரியவர் சொல்லுக்கு அமையவும் பழகிய பிள்ளைகளுக்குப் பொறுமை முந்திக்கொண்டது. ஜெர்மன் வீடுகளில் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு நடப்பது வழக்கம், அங்கே முந்துவது வேறு திறன். இதை வைத்து எந்த நாட்டையும் மேலே கீழே அடுக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

மொழியில், பயன்படாததைக் கலைக்கும் வேலை ஒரு வயதுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நாக்கு பல்லைத் தொடும் ‘த’வுக்கும், மேலண்ணத்தை வளைந்து தொடும் ‘ட’வுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு எளிது. ‘பத்து’ என்றால் வேறு, ‘பட்டு’ என்றால் வேறு. ஆங்கிலேயருக்குக் காது எவ்வளவு தீட்டினாலும் அது பிடிபடுவது கடினம். ஜேனட் வெர்கர், இந்திப் பேச்சில் உள்ள இதே இரண்டு ஒலிகளை வைத்துக் கனடாவில் ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளைச் சோதித்தார். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வேறுபாட்டைக் கண்டுகொண்டன. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில் அதைக் கண்டுகொண்டவை மிகச் சில. வீட்டில் அந்த ஒலி கேட்கவில்லை, மூளை அதைக் கலைத்துவிட்டது.

அந்த ஒலியைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினால் காது காப்பாற்றப்படுமா? பட்ரீஷியா குல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியில் 12 அமர்வுகள் நடத்தினார். நேரில் ஒருவர் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசியபோது குழந்தைகள் சீன ஒலிகளைக் கற்றுக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, திரையில் வந்தபோது ஒன்றும் கற்கவில்லை. திரை என்பதாலா, பதில் வராததாலா? 2014-இல் வந்த ஓர் ஆய்வு அதைப் பிரித்துக் காட்டியது. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் நேரடி வீடியோ அழைப்பில் தங்களோடு பேசியவரிடமிருந்து புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். முன்பே பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. டொரொன்டோவில் இருக்கும் பேரனோடு வாட்ஸ்அப்பில் பேசும் யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கு இது நல்ல செய்தி. அவர் பேரனுக்குப் பதில் சொல்கிறார். சோறு ஊட்டும்போது கையில் கொடுக்கும் யூடியூப் பாட்டு சொல்வதில்லை.

வறுமை இந்தப் பதிலையும் பறித்துவிடக்கூடும். அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்த்தவர் சாலி கிராந்தம்-மெக்ரிகர். 1986, 87-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், ஊட்டக்குறைவால் உயரம் குன்றிய 129 குழந்தைகளை அவர் சேர்த்தார். சிலருக்கு வாராவாரம் பால்மாவு, சிலருக்கு வாராவாரம் ஒரு சுகாதாரப் பணியாளரின் வருகை, சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. வந்தவர் செய்தது எளிய வேலை. காலிப் பிளாஸ்டிக் புட்டியிலும் அட்டையிலும் செய்த பொம்மைகளை எடுத்து வருவார். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிள்ளையோடு விளையாடுவார், குளிப்பாட்டும்போது எதைப் பற்றிப் பேசலாம் என்று காட்டுவார், பிள்ளை ஒன்றைச் செய்தால் எப்படிப் பாராட்டுவது என்று செய்து காட்டுவார். பொம்மையை வீட்டில் விட்டுவிட்டு அடுத்த வாரம் வேறொன்று கொண்டு வருவார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 22 வயதில், அந்த வருகை கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நீடித்த பலன் இல்லை.

எங்கும் இதே பலன் வந்துவிடவில்லை. கொலம்பியாவில் இதே முறையைப் பெரிய அளவில் செய்து, முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது முன்னேற்றம் மங்கியிருந்தது. வருபவர் யார், எவ்வளவு நேரம் இருக்கிறார், தொடர்ந்து வருகிறாரா என்பதெல்லாம் கணக்கில் வருகிறது.

பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. 1975 அக்டோபர் 2 அன்று இந்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கிளையாக இங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, பதிவேடு எழுதுவது எல்லாம் அந்த ஒரு பணியாளரின் தலையில். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச மிஞ்சும் நேரம் கொஞ்சம். நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து, குலுக்கலில் வந்த பாதி மையங்களுக்கு, கற்பித்தலுக்கென்று அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முந்தினார்கள். குள்ளத்தன்மையும் கடும் ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன, ஏனென்றால் பழைய பணியாளருக்கு இப்போது பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிக்க நேரம் கிடைத்தது. புதிய கட்டடம் இல்லை, புதிய கருவி இல்லை. கூடுதலாக ஒரு மனிதர்.

ஆனால் மூளை மிக வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகளில் பிள்ளை பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது, அல்லது அம்மா வேலை செய்யும் இடத்தில் சேலைத் தூளியில் ஆடிக்கொண்டிருக்கிறது. மீரா மகாதேவன் 1969-இல் டெல்லியில் கட்டுமானத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக வேலைத்தளத்திலேயே காப்பகம் தொடங்கினார். அதுவே ‘மொபைல் க்ரெஷஸ்’ அமைப்பாக வளர்ந்தது. 2005-ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தில், ஆறு வயதுக்குக் குறைந்த ஐந்து குழந்தைகள் பணியிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்துக் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. செங்கல் சூளையிலும் வீட்டு வேலையிலும் தெருவோரக் கடையிலும் இருக்கும் பெண்களுக்கு அந்த 50 பேர் கணக்கு எட்டுவதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார, அங்கன்வாடிக்குக் கொடுத்ததுபோல, சம்பளம் பெறும் ஓர் ஆள் இன்னும் நியமிக்கப்பட வேண்டியிருக்கிறது.